செய்தி சர்வரில் தீரும் சாக்கெட்டுகள்: ஒரே ரீஸ்டார்ட்டுக்குள் மறையும் இரண்டு கோளாறுகள்

கேள்வி: எங்கள் நிறுவன ஊழியர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலியின் சர்வரைப் பராமரிக்கும் குழுவில் பணியாற்றுகிறேன். கிளைகளில் உள்ள கணினிகளும் ஊழியர்களின் கைப்பேசிகளுமாகச் சுமார் 3,000 டிசிபி இணைப்புகள் பகல் முழுவதும் திறந்தே இருக்கும். சர்வர் நிரல் சி ஷார்ப்பில் எழுதப்பட்டு, 3.10 கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கொண்ட பழைய லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. ஒவ்வொரு செய்தியும் யார் யாருக்குச் சேர்ந்தது என்பதைப் பதிய, வேறொரு கணினியில் உள்ள பதிவுச் சேவையை அது ஹெச்டிடிபி வழியாக அழைக்கிறது. காலை ஒன்பதரை மணி வாக்கில் குழுக்களில் அறிவிப்புகள் குவியும்போது ‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ என்ற பிழை லாகில் வரிசையாக விழுகிறது. செய்திகள் நகராமல் நிற்கின்றன. இது தவிர, நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்ற பிழையும் வந்து, புதிதாக யாரும் உள்ளே வர முடியாமல் போனது. இரண்டுமே ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுவதால், இரவு 2 மணிக்குச் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்தோம். இரண்டாவது பிழை அதன்பின் வரவில்லை. முதல் பிழை நிற்கவில்லை. கோப்பு வரம்பை 65,535 ஆக உயர்த்தினோம், டிசிபி ஃபின் டைம்அவுட்டை 15 வினாடியாகக் குறைத்தோம், பயனில்லை. டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள் என்ற அமைப்பை இயக்கச் சொல்கிறார் நண்பர் ஒருவர். ஒரு சர்வர் 65,535 இணைப்புகளைத்தான் தாங்கும், ஆகவே இரண்டாவது சர்வர் வாங்கலாம் என்கிறார் மேலாளர். பிழை வந்த வேளையில், காலை 9.40க்கு எடுத்த சாக்கெட் (ஓர் இணைப்பின் நம் பக்க முனை) பட்டியலை இணைத்துள்ளேன். அந்த நிமிடத்தில் நிர்வாகத் திரை காட்டிய எண்ணும், பதிவுச் சேவையை அழைக்கும் நிரல்பகுதியும் உடன் உள்ளன. சிபியூ பயன்பாடு ஏறவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

பிழை நடந்துகொண்டிருக்கும் வேளையில் எடுத்த பட்டியலை அனுப்பியிருக்கிறீர்கள். இந்த வகைச் சிக்கலில் அதைவிடப் பயனுள்ள சான்று வேறு கிடையாது; எல்லாம் சரியான பிறகு எடுக்கப்படும் பட்டியல் எதையும் சொல்வதில்லை. உங்கள் பட்டியலில் மூன்று எண்கள் முக்கியமானவை. பதிவுச் சேவையின் ஒரே முகவரி, ஒரே போர்ட்டை (கணினிக்குள் ஓர் இணைப்பு சேரும் வாசலின் எண்) நோக்கி 27,000க்கும் மேற்பட்ட சாக்கெட்டுகள் டைம் வெயிட் நிலையில், அதாவது மூடிய பிறகும் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கப்பட்ட நிலையில், நிற்கின்றன. செய்திச் செயலிகள் வந்து இணையும் போர்ட்டில் 140 சாக்கெட்டுகள் குளோஸ் வெயிட் நிலையில், அதாவது எதிர்முனை மூடியும் நம் பக்கம் மூடப்படாத நிலையில், உள்ளன. அதே போர்ட்டில் எஸ்டாப்ளிஷ்டு நிலையில் 3,060 இணைப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்த நிமிடத்தில் உங்கள் நிர்வாகத் திரை காட்டிய பயனர் இணைப்புகள் 2,980 மட்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த மூன்று எண்களையும் ‘சாக்கெட் தீர்ந்துவிட்டது’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் உங்கள் குழு திசை தெரியாமல் நிற்கிறது. உங்களிடம் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். முதல் பிழையில் தீர்ந்துபோவது போர்ட் எண்கள். அது வெளியே செல்லும் இணைப்புகளின் சிக்கல், நிமிடக் கணக்கில் வந்து நிமிடக் கணக்கில் போகும். இரண்டாவது பிழையில் தீர்ந்துபோவது ஃபைல் டிஸ்கிரிப்டர்கள், அதாவது நிரல் திறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் சாக்கெட்டுக்கும் கெர்னல் தரும் எண்கள். அது உள்ளே வரும் இணைப்புகளின் சிக்கல், நாள் கணக்கில் மெல்லச் சேர்ந்து ஒரு நாள் வெடிக்கும். பயனர்கள் சொல்லும் புகாரிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. போர்ட் தீரும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருப்பார்கள், ஆனால் செய்தி போகாது. டிஸ்கிரிப்டர் தீரும்போது உள்ளே இருப்பவர்களின் இணைப்பு அறுவதில்லை, ஆனால் புதியவர்களின் திரை ‘இணைகிறது’ என்று சுழன்றுகொண்டே இருக்கும். அவர்களுடைய டிசிபி கைகுலுக்கலைக் கெர்னல் முடித்து வரிசையில் வைத்துவிட்டது; அதை எடுத்துக்கொள்ள உங்கள் நிரலிடம் டிஸ்கிரிப்டர் இல்லை.

ரீஸ்டார்ட் இரண்டையும் சரிசெய்வதாகத் தோன்றுவதையும் சற்று உற்றுப் பாருங்கள். குளோஸ் வெயிட் சாக்கெட்டுகள் உங்கள் நிரலின் கையில் இருப்பவை. நிரல் இறந்தவுடன் கெர்னல் அவற்றை எல்லாம் மூடிவிடும். டைம் வெயிட் சாக்கெட்டுகளோ கெர்னலின் கையில் இருப்பவை. அவற்றுக்கு எந்த நிரலும் உரிமையாளர் இல்லை. நிரலைக் கொன்றாலும் அவை தம் 60 வினாடியை முடித்துக்கொண்டுதான் போகும். காலையில் நீங்கள் ரீஸ்டார்ட் செய்யும்போது முதல் பிழை மறைவதற்குக் காரணம், சர்வர் எழுந்து மூவாயிரம் பேரும் மீண்டும் இணைவதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடிவிடுகிறது, அதற்குள் அறிவிப்பு நெரிசலும் தணிந்துவிடுகிறது என்பதுதான். அந்த ஒரு நிமிடம் யாரும் செய்தி அனுப்பாமல் இருந்திருந்தால் ரீஸ்டார்ட் இல்லாமலே சரியாகியிருக்கும்.

இனி முதல் கோளாறு. ஒரு டிசிபி இணைப்பை அடையாளம் காட்டுவது நான்கு எண்கள்: நம் முகவரி, நம் போர்ட், எதிர்முனையின் முகவரி, எதிர்முனையின் போர்ட். உங்கள் நிரல் பதிவுச் சேவையை அழைக்கும்போது இவற்றில் மூன்று மாறுவதே இல்லை. மாறக்கூடியது நம் போர்ட் மட்டுமே. அதையும் லினக்ஸ் 32,768 முதல் 61,000 வரையிலான தற்காலிகப் போர்ட்டுகளிலிருந்துதான் எடுக்கிறது. ஆக, கையிருப்பு சுமார் 28,000. இணைப்பை முதலில் மூடும் தரப்பில் அந்தப் போர்ட் 60 வினாடிக்கு டைம் வெயிட்டில் முடங்குகிறது. 28,000ஐ 60ஆல் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 470 வருகிறது. அதற்கு மேல் தொடர்ந்து புதிய இணைப்புகளைத் திறக்கும் எந்த நிரலும் ஒரு நிமிடத்தில் சுவரில் மோதும்.

‘மூவாயிரம் பேருக்கு வினாடிக்கு 470 செய்திகள் வருமா’ என்று உங்கள் குழுவில் கேட்பார்கள். செய்திகளை எண்ணாதீர்கள், பதிவுச் சேவைக்குப் போகும் அழைப்புகளை எண்ணுங்கள். நீங்கள் அனுப்பிய நிரல்பகுதியில், குழுச் செய்தி ஒன்று வந்ததும் உறுப்பினர் பட்டியலில் ஒரு சுற்று ஓடி, ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாகப் பதிவுச் சேவை அழைக்கப்படுகிறது. 40 பேர் கொண்ட குழுவில் விழும் ஒரு அறிவிப்பு 40 அழைப்புகளாகிறது. வினாடிக்குப் பன்னிரண்டு குழுச் செய்திகள் வந்தால் 480 ஆகிவிடும். எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் திறக்கும் காலை வேளையில் பன்னிரண்டு என்பது பெரிய எண் அல்ல.

அதே நிரல்பகுதியில், சுற்றுக்குள்ளே ஒவ்வொரு முறையும் ஹெச்டிடிபி கிளையன்ட் ஒன்று புதிதாக உருவாக்கப்பட்டு, யூசிங் தொகுதிக்குள் வைக்கப்பட்டு, பதில் வந்ததும் அழிக்கப்படுகிறது. டிஸ்போஸ் செய்யக்கூடிய எதையும் யூசிங்கில் வைக்க வேண்டும் என்று சி ஷார்ப் கற்றவர்களுக்குச் சொல்லித்தரப்படுவதால், இதை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்வைக்கு ஒழுங்கான நிரல் அது. ஆனால் இந்த ஒரு வகுப்பு மட்டும் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. திறந்த இணைப்புகளை மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புக் கிடங்கு அதற்குள்ளேதான் இருக்கிறது. கிளையன்ட்டை அழித்தால் கிடங்கும் அழிகிறது, அதில் இருந்த இணைப்பை நம் பக்கமே முதலில் மூடுகிறது. டைம் வெயிட் நம் பக்கம் குவிவது அதனால்தான்.

நிரலின் ஆயுட்காலம் முழுவதற்கும் ஒரே ஒரு ஹெச்டிடிபி கிளையன்ட்டை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 2018இல் டாட்நெட் கோர் 2.1 உடன் வந்த ஹெச்டிடிபி கிளையன்ட் ஃபேக்டரியைப் பயன்படுத்துங்கள். ஒரே கிளையன்ட்டை நிலையாக வைத்திருப்பதில் ஒரு குறை உண்டு: பதிவுச் சேவையின் ஐபி முகவரி மாறினாலும், பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்வரை நிரல் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே கிடங்கில் உள்ள இணைப்புகளின் ஆயுளைச் சில நிமிடங்களுக்கு வரம்பிட்டுவிடுங்கள். கிளையன்ட்டுக்குள் இணைப்புகளை நிர்வகிக்கும் சாக்கெட்ஸ் ஹெச்டிடிபி ஹேண்ட்லரில் அதற்கென்றே ஒரு பண்பு இருக்கிறது. ஃபேக்டரியைப் பயன்படுத்தினால் அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஹேண்ட்லரைத் தானே மாற்றிக்கொள்ளும்.

இன்னொரு அமைப்பையும் தவறாமல் பாருங்கள். ஒரே சேவைக்கு எத்தனை இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கலாம் என்பதற்கு அந்த ஹேண்ட்லர் இயல்பாக வரம்பே வைப்பதில்லை. பதிவுச் சேவை ஒரு நாள் தாமதமாகப் பதிலளித்தால், கிடங்கு இருந்தும்கூட, காத்திருக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய இணைப்பு திறக்கப்பட்டு அதே நெரிசல் வேறு வாசல் வழியாக வந்து நிற்கும். ஐம்பது அல்லது நூறு என்று ஒரு வரம்பை வைத்து, அதற்கு மேற்பட்டவை வரிசையில் காத்திருக்கட்டும் என்று விடுங்கள். எந்த எண் பொருந்தும் என்பதை உங்கள் பதிவுச் சேவையின் திறனைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றோடு, அந்தச் சுற்றையே எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாற்பது பேருக்கான நிலையை ஒரே அழைப்பில் பட்டியலாக அனுப்புவதற்குப் பதிவுச் சேவையில் ஒரு வழி ஏற்படுத்துங்கள். கிளையன்ட்டைப் பகிர்ந்தால் போர்ட் சிக்கல் தீரும்; ஆனால் நாற்பது அழைப்புகளின் சுமை இரு கணினிகளிலும் அப்படியே இருக்கும்.

நிரல் மாற்றம் சோதனை முடிந்து வெளியாவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றால், அதுவரை தாக்குப்பிடிக்க இரண்டு காரியங்கள் செய்யலாம். தற்காலிகப் போர்ட் எல்லையை 15,000 முதல் 64,999 வரை விரித்தால் கையிருப்பு 50,000 ஆகும். வினாடிக்கு 470 என்ற சுவர் சுமார் 830க்கு நகரும். அந்த எல்லைக்குள் உங்கள் கணினியில் ஏதேனும் சேவை காதுகொடுக்கும் போர்ட் இருந்தால், அதை ஒதுக்கப்பட்ட போர்ட் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் என்றாவது ஒரு நாள் அந்தச் சேவை தன் போர்ட் கிடைக்காமல் எழ மறுக்கும். அடுத்ததாக டிடபிள்யூ ரீயூஸ் அமைப்பை இயக்கலாம். இரு முனைகளிலும் டிசிபி நேரமுத்திரை இயங்கும்போது, ஒரு வினாடிக்கு மேல் டைம் வெயிட்டில் இருந்த போர்ட்டை வெளியே செல்லும் புதிய இணைப்புக்கு எடுத்துக்கொள்ள அது கெர்னலை அனுமதிக்கிறது. உங்கள் நிலைமைக்கு அது பாதுகாப்பானது.

உங்கள் நண்பர் சொன்ன ரீசைக்கிள் என்பது பெயரில் மட்டுமே இதை ஒத்தது. அதை இயக்கவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அது எதிர்முனையின் ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் கடைசியாகப் பார்த்த நேரமுத்திரையை நினைவில் வைத்துக்கொண்டு, அதைவிடப் பழைய முத்திரையோடு அதே முகவரியிலிருந்து வரும் இணைப்புக் கோரிக்கையைச் சத்தமில்லாமல் கைவிடும். உங்கள் கிளை ஒன்றில் இருபது கணினிகள் ஒரே ரவுட்டருக்குப் பின்னால், ஒரே பொது முகவரியில் இருக்கும். ஒவ்வொன்றின் நேரமுத்திரையும் வேறு. ஒருவர் இணைந்தால் மற்றவர் இணைய முடியாமல் போவார், லாகில் ஒரு வரிகூட இருக்காது. கைப்பேசி நிறுவனங்களின் வலைப்பின்னலுக்குப் பின்னால் உள்ளவர்களுக்கும் இதே கதிதான். இந்தக் காரணத்தால்தான் 2017இல் வந்த 4.12 கெர்னலிலிருந்து அந்த அமைப்பையே நீக்கிவிட்டார்கள். உங்களுடையது 3.10 என்பதால் அது இன்னும் அங்கே இருக்கிறது. இருப்பதாலேயே இந்த எச்சரிக்கை.

நீங்கள் ஏற்கெனவே செய்த இரண்டு மாற்றங்கள் ஏன் பலன் தரவில்லை என்பதற்கும் விடை உண்டு. டைம் வெயிட் சாக்கெட்டுகள் எந்த நிரலின் டிஸ்கிரிப்டர் கணக்கிலும் சேராதவை. ஆகவே கோப்பு வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் போர்ட் தட்டுப்பாட்டுக்கு அது உதவாது. ஃபின் டைம்அவுட் என்பது ஃபின் வெயிட் இரண்டு என்ற வேறொரு நிலையில் சாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதைக் குறிப்பது. டைம் வெயிட்டின் 60 வினாடி கெர்னலின் மூலநிரலிலேயே நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் குறைக்க எந்த அமைப்பும் இல்லை. பல ஆண்டுகளாக இணையம் எங்கும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவரும் தவறு இது. அந்த மதிப்பைப் பழையபடி 60க்கே மாற்றிவிடுங்கள்.

லிங்கர் நேரத்தைப் பூஜ்யமாக்கினால் டைம் வெயிட் வராது என்றும் யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அப்போது இணைப்பு முறையாக முடியாமல் ரீசெட் செய்யப்படுகிறது, அனுப்புவதற்காகக் காத்திருந்த தரவு வீசியெறியப்படுகிறது. செய்தி சேர்ந்ததா என்று பதிவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிரலில் அதைச் செய்யக் கூடாது. டைம் வெயிட் ஒரு நோய் அல்ல. பழைய இணைப்பின் தாமதமான பொட்டலம் ஒன்று அதே எண்களைக் கொண்ட புதிய இணைப்புக்குள் நுழைந்துவிடாமல் காப்பதற்காக, 1981இல் வெளியான ஆர்எஃப்சி 793 நெறிமுறையிலேயே வைக்கப்பட்ட காவல் அது. அங்கே சொல்லப்பட்ட காத்திருப்பு நான்கு நிமிடம். லினக்ஸ் அதை ஒரு நிமிடமாக்கியிருக்கிறது.

இனி இரண்டாவது கோளாறுக்கு வருவோம். இரவு ரீஸ்டார்ட் அதை மறைத்துவிட்டதால் நீங்கள் அதைச் சிறியதாக எண்ணுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை இதுவே அதிக கவனத்துக்குரியது. ஏனென்றால் இது முழுக்க முழுக்க உங்கள் நிரலின் பிழை.

குளோஸ் வெயிட் என்றால், எதிர்முனை ‘நான் முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டது, நம் கெர்னல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது, நம் நிரல் மட்டும் இன்னும் சாக்கெட்டை மூடவில்லை என்று பொருள். இதற்குக் கால வரம்பு கிடையாது. நிரல் மூடும்வரை, அல்லது சாகும்வரை, அது அப்படியே இருக்கும். எந்தக் கெர்னல் அமைப்பாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

உங்கள் பட்டியலில் அந்த 140 வரிகளின் ரிசீவ் கியூ (நிரல் இன்னும் படிக்காதவை) என்ற நெடுவரிசையைப் பாருங்கள். எல்லாவற்றிலும் பூஜ்யம் இருக்கிறது. இந்தச் சிறிய எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் அது எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. குளோஸ் வெயிட்டில் உள்ள சாக்கெட்டில் அந்த இடத்தில் 1 இருந்தால், எதிர்முனை அனுப்பிய முடிவுக் குறியை நிரல் இன்னும் படிக்கவே இல்லை. படிக்கும் த்ரெட் எங்கோ சிக்கியிருக்கிறது, அல்லது யாரும் படிக்கவே முயலவில்லை. பூஜ்யம் இருந்தால், நிரல் அந்தக் குறியைப் படித்துவிட்டது, அதன் பிறகும் மூடவில்லை. உங்களுடையது இரண்டாவது வகை.

எனவே, கிளையன்ட்டிடமிருந்து வரும் தரவைப் படிக்கும் சுற்றைத் திறந்து பாருங்கள். ரீட் அழைப்பு பூஜ்ய பைட்டுகளைத் திருப்பினால் எதிர்முனை மூடிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அங்கே சுற்றிலிருந்து வெளியேற ஒரு பிரேக் இருக்கும். உங்கள் சிபியூ ஏறவில்லை என்று எழுதியிருப்பதால், பிரேக் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இல்லாவிட்டால் சுற்று வெறுமனே சுழன்று சிபியூவின் ஒரு கோர் முழுவதையும் விழுங்கியிருக்கும். சாக்கெட்டை மூடும் வரியும், ‘இணைந்திருப்போர்’ அகராதியிலிருந்து பயனரை நீக்கும் வரியும் கேட்ச் தொகுதிக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எக்ஸெப்ஷன் வந்தால்தான் அவை நடக்கும். பூஜ்ய பைட்டு எக்ஸெப்ஷன் அல்லவே. பயனர் செயலியை முறையாக மூடிச் சென்ற ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கெட் அகராதிக்குள் தங்கிவிடும். அகராதி பிடித்துக்கொண்டிருப்பதால், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டராலும் அதைத் தொட முடியாது. இரண்டு வரிகளையும், சுற்று எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலி தொகுதிக்கு மாற்றுங்கள்.

அதே பயனர் அதே கருவியிலிருந்து மீண்டும் இணையும்போது என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். அகராதியில் பழைய பதிவின் மேல் புதிய இணைப்பை எழுதுவதற்கு முன், பழையதை எடுத்து மூட வேண்டும். அதேபோல, பழைய இணைப்பின் சுற்று தாமதமாக முடிந்து, புதிய இணைப்பின் பதிவை அகராதியிலிருந்து நீக்கிவிடவும் கூடாது. நீக்கும் முன் அது தன்னுடைய இணைப்புதானா என்று ஒப்பிட்டுவிட்டு நீக்கட்டும். ஃபைனலிக்கு மாற்றியவுடன் இந்தப் பிழை புதிதாக முளைக்க வாய்ப்புண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது 3,060க்கும் 2,980க்கும் இடையே காணாமல்போன அந்த 80. இவை பேய் இணைப்புகள். கைப்பேசி வைஃபையிலிருந்து விலகி வெளியே நடக்கும்போதோ, கிளையில் மின்சாரம் போகும்போதோ, முடிவுக் குறி எதுவும் வந்து சேராது. சர்வர் பக்கம் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே கெர்னல் நம்பிக்கொண்டிருக்கும். உங்கள் நிர்வாகத் திரை பயனரின் சமீபத்திய இணைப்பை மட்டும் எண்ணுவதால் இவை அங்கே தெரிவதில்லை. டிசிபி கீப்அலைவ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம்: நிரல் கேட்டு இயக்கினால்தான் அது இயங்கும், இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு மதிப்புகளில் முதல் விசாரிப்பே 7,200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போகும். பிறகு 75 வினாடி இடைவெளியில் ஒன்பது முறை விசாரித்துவிட்டுத்தான் கைவிடும்.

செய்திச் செயலிக்கு அதன் சொந்த இதயத்துடிப்பு வேண்டும். கணினிகள் நிமிடத்துக்கு ஒருமுறையும், மின்கலச் செலவைக் கருதிக் கைப்பேசிகள் இரண்டு அல்லது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறையும் ஒரு சிறு பொட்டலம் அனுப்பட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் கடைசியாகக் கேட்ட நேரத்தைச் சர்வர் குறித்துவைத்து, இரண்டு துடிப்புகள் தவறினால் தானே மூடட்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாளை இந்தச் சர்வரை மேகக்கணினிக்கு மாற்றினால், அசூரின் லோட் பேலன்சர் இயல்பாக நான்கு நிமிடமும், அமேசானின் நாட் கேட்வே 350 வினாடியும் மட்டுமே சும்மா இருக்கும் இணைப்பைப் பொறுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு கசிவுகளும் சேர்ந்து நாளொன்றுக்கு இருநூறு டிஸ்கிரிப்டர்களுக்கு மேல் விழுங்குகின்றன என்று கொண்டால், நான்கைந்து நாளில் ஆயிரம் சேரும். மூவாயிரம் உண்மையான இணைப்புகளோடு கூட்டினால் நாலாயிரத்தைத் தொடுகிறது. உங்கள் லினக்ஸ் காலத்துப் பதிப்புகளில், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு சேவைக்கு இயல்பாகத் தரும் வன்வரம்பு (ஹார்ட் லிமிட்) 4,096. வரம்பை 65,535 ஆக உயர்த்திய பிறகும் பிழை வந்தது என்றால், நீங்கள் மாற்றியது லிமிட்ஸ் கோப்பை என்று ஊகிக்கிறேன். அந்தக் கோப்பு உள்நுழையும் பயனர்களுக்குத்தான் பொருந்தும். சிஸ்டம்டி தொடங்கும் சேவைகளுக்குப் பொருந்தாது. சேவையின் யூனிட் கோப்பிலேயே அந்த வரம்பை எழுத வேண்டும். எழுதி, சேவையை மறுபடி தொடங்கிய பிறகு, ப்ராக் அடைவுக்குள் அந்த நிரலின் எண்ணில் உள்ள லிமிட்ஸ் கோப்பைத் திறந்து, நடப்பில் என்ன மதிப்பு இருக்கிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள். கசிவு இல்லாவிட்டாலும் மூவாயிரம் இணைப்புகளுக்கு 4,096 மிக நெருக்கமான வரம்புதான். ஆகவே இந்த மாற்றம் எப்படியும் தேவை.

சரிசெய்துவிட்டோம் என்று எப்படி உறுதி செய்வது? நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை சாக்கெட்டுகள், அவை எந்த முகவரியை நோக்கியவை, நிரல் திறந்து வைத்திருக்கும் டிஸ்கிரிப்டர்கள் எத்தனை என்று ஒரு கோப்பில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட்டை இன்றே ஓடவிடுங்கள். அது மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட வேண்டும். காலை 9.40க்கு டைம் வெயிட் சில நூறைத் தாண்டக் கூடாது. குளோஸ் வெயிட் ஒன்றிரண்டு கணப்பொழுது தோன்றி மறையலாம், தங்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு, பெரும்பாலானோர் வெளியேறிய பிறகு, டிஸ்கிரிப்டர் எண்ணிக்கை நாள்தோறும் ஒரே மட்டத்துக்கு இறங்க வேண்டும். நாளுக்கு நாள் அந்த இரவு எண் பத்துப் பத்தாக ஏறினால், இன்னொரு கசிவு மிச்சம் இருக்கிறது.

சோதனைக் கணினியில் மூவாயிரம் கிளையன்ட்டுகளை உருவாக்கிக் காத்திருக்கத் தேவையில்லை. அங்கே தற்காலிகப் போர்ட் எல்லையை ஆயிரமாகச் சுருக்குங்கள், டிஸ்கிரிப்டர் வரம்பை இருநூறு முந்நூறாகக் குறையுங்கள். ஐந்து நாளில் வெளிவரும் கோளாறு சில நிமிடங்களில் வெளியே வரும். பழைய நிரல் அங்கே விழ வேண்டும், புதிய நிரல் நிற்க வேண்டும். முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதை நம்பாதீர்கள்.

உங்கள் மேலாளரின் கருத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும் இணைப்புகள் அனைத்தும் சர்வரின் ஒரே போர்ட்டில்தான் வந்து சேர்கின்றன. வேறுபடுவது எதிர்முனையின் முகவரியும் போர்ட்டும். ஆகவே 65,535 என்பது ஒரு சர்வர் ஏற்கும் கிளையன்ட்டுகளின் எல்லை அல்ல. ஃப்ரீபிஎஸ்டியும் எர்லாங்கும் கொண்டு ஒரே சர்வரில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியதாக வாட்ஸ்அப் 2012இலேயே அறிவித்தது. மூவாயிரத்துக்கு இரண்டாவது சர்வர் வாங்கினால் இரண்டு கசிவுகளும் இரண்டு கணினிகளில் ஓடும். முதல் பிழை நிச்சயம் தள்ளிப்போகும், இரண்டாவது இன்னும் பல நாள் கழித்து வரும். அந்தப் பணத்தை 3.10ஐ விட்டுப் புதிய லினக்ஸுக்கு மாறுவதற்குச் செலவிடச் சொல்லுங்கள்.

இரவு ரீஸ்டார்ட்டை உடனே எடுத்துவிட வேண்டாம். இரண்டாவது திருத்தம் வெளியாகும்வரை அது பயனர்களைக் காப்பாற்றுகிறது. திருத்தம் வெளியான அன்றே அதை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் திருத்தம் பலித்ததா என்று உங்களால் ஒருபோதும் அறிய முடியாது. அதற்கு முன் கிளையன்ட் செயலியில் ஒரு மாற்றம் தேவைப்படும்: இணைப்பு அறுந்ததும் உடனே மீண்டும் இணைய முயலாமல், ஒவ்வொரு செயலியும் தற்செயலாகத் தேர்ந்த சில வினாடிகள் காத்திருந்து, தோல்வியடைந்தால் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டு போகட்டும். உங்கள் கெர்னலில் ஏற்கப்படாத இணைப்புகள் காத்திருக்கும் வரிசையின் இயல்பு வரம்பு 128 மட்டுமே. புதிய கெர்னல்களில் 5.4 முதல் அது 4,096 ஆக உயர்ந்திருக்கிறது. பகல் வேளையில் நீங்கள் திருத்தத்தை நிறுவி ரீஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு முறை, மூவாயிரம் செயலிகளும் ஒரே வினாடியில் கதவைத் தட்டினால் அந்த வரிசை நிரம்பிவிடும், புதிய நிரலில்தான் கோளாறு என்று எல்லோரும் எண்ணிவிடுவார்கள். ஆகவே அந்த வரிசையின் நீளத்துக்கு வரம்பிடும் சோமேக்ஸ்கான் மதிப்பையும், உங்கள் நிரல் லிசன் அழைப்பில் தரும் எண்ணையும் முன்னதாகவே உயர்த்திவிட்டு, கிளையன்ட் மாற்றம் பெரும்பாலானோரிடம் போய்ச் சேர்ந்த பிறகு சர்வர் திருத்தத்தை நிறுவுங்கள்.